கடைசி நான்கு இரவுகள்: அல்சாஸா, மோசலா, ரொமான்டிக் சாலையா?

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, போடன்சே ஏரிக்கரையில் மேர்ஸ்பூர்க் ஊருக்கு வெளியே, வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமை (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வண்டி) நிறுத்தி, உள்ளே மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நானும் மனைவியும் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். திங்கள் காலை 10 மணிக்குள் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் நான்கு இரவு. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, எட்டு வயது மகள், நாங்கள் இருவர், ஆக ஐந்து பேர். பிளாக் ஃபாரஸ்ட் முடிந்தது, ஏரியும் முடிந்தது, இனி வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். எந்த வழியாகத் திரும்புவது?

மூன்று வழி இருந்தது. மேற்கே போய் ரைன் ஆற்றைத் தாண்டினால் பிரான்சின் அல்சாஸ், கொல்மாரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டக் கிராமங்கள். நேரே வடக்கே ஏறினால் பவேரியாவின் ரொமான்டிக் சாலை, அதாவது நோர்ட்லிங்கன், டிங்கல்ஸ்பூல், ரோட்டன்பூர்க். இல்லையென்றால் ஒரே மூச்சில் வடமேற்கே ஓட்டிப் போய் மோசல் ஆற்றங்கரை. நாலாவதாக ஒன்றை அப்பா சொன்னார். "இங்கயே ரெண்டு நாள் இருந்துட்டு நேரா போயிடலாமேப்பா, இதுவும் நல்லாத்தானே இருக்கு?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, மேர்ஸ்பூர்க் கோட்டையும் ஏரியும் இன்னும் இரண்டு நாள் தாங்கும். ஆனால் அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் 350 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அதை மொத்தமாகக் கடைசி நாளில் தள்ளி வைப்பது என்ன பாடு படுத்தும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

இதற்கு முன் இரண்டு முறை மோட்டார்ஹோம் எடுத்திருக்கிறேன், நானும் மனைவியும் மகளும் மட்டும். முதல் தடவை அல்சாஸில் முடித்தோம், இரண்டாம் தடவை மோசலில். அதனால் இங்கே எழுதுவது மூன்றையும் இருந்து பார்த்துவிட்டு எழுதுவது. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வரும் நண்பர்கள் ஒவ்வொரு கோடையிலும் இதைக் கேட்கிறார்கள், எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. கடைசி நாட்களில் எந்த ஊர் அழகு என்பதோடு சேர்த்து, செய்ய வேண்டிய வேலை என்னென்ன என்றும் பார்க்க வேண்டும். டாய்லெட் கேசட்டை, அதாவது வண்டிக் கழிப்பறைக்கு அடியில் உள்ள, கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டியை, காலி செய்து கழுவ வேண்டும். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் தொட்டியைத் திறந்துவிட வேண்டும். உள்ளே துடைத்துப் பெருக்கி, டீசலை நிரப்பி, சேர்ந்து கிடக்கும் பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம், இரண்டு வாரத்தில் நாற்பது ஐம்பது பாட்டில் சேர்ந்துவிடும், அது பத்து யூரோவுக்கு மேல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். ஆக திங்கள் காலை வண்டி ஒப்படைக்கிறவருக்குக் கடை வேலையெல்லாம் சனிக்கிழமையோடு முடிந்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு ஞாயிறு மாலை ஒரு மூட்டை பாட்டிலோடு நின்றிருக்கிறேன்.

கேசட் விஷயத்தையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அது 20 லிட்டருக்குள்தான். மூன்று பேருக்கு இரண்டு, இரண்டரை நாள் வரும். ஐந்து பேர், அதிலும் இரவில் இரண்டு தடவை எழும் பெரியவர்கள் இருந்தால், ஒன்றரை நாளில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். அதனால் இரவு தங்கும் இடத்தில் கேசட் கொட்டும் வசதி இருக்கிறதா, முடிந்தால் தனிக் கழிப்பறையே இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊரையே தேர்வு செய்ய வேண்டியிருக்கும். ஜெர்மனியில் வண்டி நிறுத்தித் தூங்க ஊராட்சிகள் ஒதுக்கும் இடத்தை ஸ்டெல்பிளாட்ஸ் என்பார்கள். இரவுக்கு 10 முதல் 18 யூரோ வரை கொடுத்திருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், கேசட் கொட்டும் இடம் பெரும்பாலும் இருக்கும், குளியலறை இருக்கும் என்று சொல்ல முடியாது. குளியலறை வேண்டுமென்றால் கேம்பிங், அது கிட்டத்தட்ட இரண்டு மூன்று மடங்கு செலவு.

சரி, அல்சாஸ். மேர்ஸ்பூர்க்கிலிருந்து எகிஸ்ஹைம் 180 கி.மீ. இருக்கலாம். தூரம் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஃபிரைபூர்குக்கு முன்னால் ஹோலன்டால் பள்ளத்தாக்கில் சாலை வளைந்து வளைந்து இறங்கும், முன்னாலும் பின்னாலும் லாரி இருக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர்கள் ஒன்றையொன்று விஞ்சும். 1953-இல் தொடங்கிய அல்சாஸ் ஒயின் சாலை மார்லன்ஹைமிலிருந்து ‘தான்’ (Thann) என்ற ஊர் வரை 170 கி.மீ. நீளம், அதில் கொல்மாருக்கு மேலும் கீழும் உள்ள முப்பது கி.மீ.க்குள்ளேயே எகிஸ்ஹைம், துர்க்ஹைம், கைசர்ஸ்பெர்க், ரிக்விர், ரிபோவில்லே எல்லாம் வந்துவிடும். எகிஸ்ஹைமில் தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாகப் போகும், எங்கே நடக்கத் தொடங்கினாலும் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேருவோம், எங்கள் மகள் அதை நான்கு முறை சுற்றினாள். கைசர்ஸ்பெர்க், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்த ஊர். கூரை மேல் நாரைக் கூடுகள் இருக்கும், ஆனால் செப்டம்பரில் போகிறவர்கள் நாரையை நம்பிப் போக வேண்டாம், பெரும்பாலானவை ஆகஸ்டிலேயே தெற்கே கிளம்பிவிடும்.

ஆனால் கடைசி நாட்களுக்கு அல்சாஸ் சரிப்படாது என்பது என் கருத்து. ஒன்று, கிராமங்கள் நெருக்கம் என்பதால் ஆசை விடாது, ஒரு நாளில் நான்கு ஊர் பார்க்கத் தோன்றும், ஒவ்வொரு ஊரிலும் ஏழு மீட்டர் வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டும், பிரான்சில் பல கார் நிறுத்தங்களில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். செப்டம்பரில் அறுவடை வேறு, திராட்சை ஏற்றிய டிராக்டர் பின்னால் ஊர்ந்து போவதே பாதி நாள். இரண்டாவது, திரும்பும் வழி. எங்கள் முதல் பயணத்தில் ஞாயிறு சாயங்காலம் நான்கு மணி வரை கொல்மாரை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் இருந்துவிட்டு, ஏ5 நெடுஞ்சாலையில் கார்ல்ஸ்ரூஹ பக்கம் மாட்டிக்கொண்டு, இரவு பத்தரை மணிக்கு நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தத்தில் தூங்கினோம். காலையில் கேசட் கொட்டத் தேடிப் போன இரண்டு இடத்திலும் வழியில்லை. பதினோரு மணிக்குப் போய் நின்றபோது தாமதத்துக்கும் கேசட்டுக்கும் சேர்த்து முன்பணத்தில் 150 யூரோ பிடித்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று காலை மனைவியும் நானும் ஒருவரோடொருவர் பேசவில்லை என்பதுதான் அதைவிட வருத்தம். இரண்டு வாரம் அவ்வளவு நன்றாகப் போன பயணம் அது.

மோசல் வேறு மாதிரி. மோட்டார்ஹோமுக்கென்றே வெட்டி வைத்த பள்ளத்தாக்கு என்று சொல்லலாம். ஆற்றின் இரு கரையிலும் ஊருக்கு ஊர் புல்வெளி ஸ்டெல்பிளாட்ஸ், வண்டியின் மூக்கைத் தண்ணீரைப் பார்த்து நிறுத்தினால் அப்புறம் வண்டியைத் தொட வேண்டியதே இல்லை. பெர்ன்காஸ்டலின் சந்தைச் சதுக்கம், 1416-இல் கட்டிய, கீழே ஒடுங்கி மேலே பருத்து நிற்கும் அந்தச் சின்ன வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் கூஸில் நிக்கோலஸ் என்ற அறிஞர் 15-ஆம் நூற்றாண்டில் முதியோருக்காகக் கட்டிக் கொடுத்த இல்லம், அது இன்றைக்கும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. பிரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் சரிவு, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்பார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மனிதர் அதில் எப்படி நின்று பழம் பறிக்கிறார் என்றே விளங்காது. ஆற்றோரமாகச் சமதளமான சைக்கிள் பாதை இருக்கிறது. இரவில் சரக்குப் படகுகள் போகும், நூறு மீட்டருக்கும் மேல் நீளமானவை. விளக்கணைத்துப் படுத்திருக்கும்போது எஞ்சின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னாலேயே படுக்கைப் பலகையில் ஒரு அதிர்வு வரும், எழுந்து திரையை விலக்கினால் படகோட்டியின் அறையில் ஒரு மஞ்சள் விளக்கும் ஜன்னலில் பூந்தொட்டியும் நம்மைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். மகள் அதற்காகவே தூங்காமல் காத்திருந்தாள்.

பெர்ன்காஸ்டலோ கோகெமோ, அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் 150 கி.மீ. அளவுதான். எனவே திரும்பும் கணக்கில் மோசல்தான் முதலிடம். இடம் கிடைத்தால் எல்லாம் நல்லது. ஆனால் செப்டம்பர் முதல் வார இறுதியில் பெர்ன்காஸ்டலில் ஒயின் திருவிழா, அந்த நேரத்தில் அந்தப் பகுதியையே மறந்துவிடலாம். மற்ற நாட்களிலும் பல ஸ்டெல்பிளாட்ஸில் முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் வரிசை. எங்கள் கதையில் இடித்தது தூரம். மேர்ஸ்பூர்க்கிலிருந்து மோசல் ஏறத்தாழ 400 கி.மீ., நடுவில் ஸ்டுட்கார்ட். நூறுக்கு மேல் போகாத வண்டியில் ஓய்வையும் சேர்த்தால் ஏழு மணி நேரம். டீசல் நூறு கி.மீ.க்கு 11 லிட்டர் என்று வைத்தால் அன்றைக்கு மட்டும் 44 லிட்டர். பணத்தைக்கூட விட்டுவிடலாம், அம்மாவின் முழங்கால் ஏழு மணி நேரம் மடங்கியே இருந்தால் அடுத்த நாள் அவள் ஊரைப் பார்க்க மாட்டாள், வண்டி ஜன்னலைத்தான் பார்ப்பாள். நான்கு இரவில் ஒரு நாளை முழுதாக நெடுஞ்சாலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ரொமான்டிக் சாலை. உண்மையைச் சொன்னால் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. 1950-இல் சுற்றுலாவுக்காக வைத்த பெயர், வூர்ட்ஸ்பூர்க்கிலிருந்து ஃபூஸன் வரை சுமார் 460 கி.மீ., பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கும் என்றெல்லாம் கேள்விப்பட்டு ஒதுக்கியே வைத்திருந்தேன். அது தப்பு என்று இப்போது சொல்கிறேன். மொத்தச் சாலையையும் ஓட்ட நினைத்தால்தான் தப்பு. நடுவில் உள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், நோர்ட்லிங்கனிலிருந்து டிங்கல்ஸ்பூல் 30 கி.மீ., அங்கிருந்து ரோட்டன்பூர்க் 50 கி.மீ.க்குள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஓட்டம். மூன்று ஊருமே மதில் சூழ்ந்தவை, வண்டி மதிலுக்கு வெளியே நிற்கும், வாசல் வழியாக நடந்தால் உள்ளே எல்லாமே கைக்கெட்டும் தூரம்.

வியாழன் மாலையே நோர்ட்லிங்கன் போய்விட்டோம், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த ஊர் இருப்பதே ஒரு பள்ளத்துக்குள். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான, 25 கி.மீ. அகலமுள்ள பள்ளம். வெகுகாலம் எரிமலை வாய் என்றே நினைத்திருந்தார்கள், 1960 வாக்கில்தான் யூஜீன் ஷூமேக்கர், எட்வர்ட் சாவோ என்ற இரண்டு அமெரிக்க நிலவியலாளர்கள் அங்குள்ள கல்லை ஆராய்ந்து விண்கல் மோதியதுதான் என்று காட்டினார்கள். 1970-இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் கல் பார்க்கக் கற்றுக்கொள்ள இங்கே வந்தார்கள். அந்த மோதலில் உருகிச் சேர்ந்த கல்லிலேயே ஊர் நடுவிலுள்ள ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதன் கோபுரம் 90 மீட்டர், 350 படி. நானும் மகளும் ஏறினோம், மேலிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள் வட்டமாக, அதைச் சுற்றி மதில் வட்டமாக, அதற்கு அப்பால் பள்ளத்தின் விளிம்பு வட்டமாக.

ஆனால் மனதில் நிற்பது இரவுதான். பத்து மணியிலிருந்து நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒருமுறை கோபுரத்தின் மேலிருந்து காவலர் குரல் கொடுப்பார், "ஸோ க்ஸெல் ஸோ" என்று. 1440-இல் எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு காவலர்கள் வாசல் கதவைத் தாழிடாமல் விட்டதாகவும், அவ்வழியே போன ஒரு பெண் பன்றி ஒன்று கதவில் உரசுவதைக் கண்டு ஊரை எழுப்பியதாகவும் கதை. அம்மாவைக் கையைப் பிடித்துச் சதுக்கம் வரை கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். சரியாகப் பத்து மணிக்கு மேலிருந்து குரல் இழுத்து வந்தது. அம்மா முகத்தைத் தூக்கி இருட்டுக்குள் பார்த்தாள். "நம்ம தெருவுல கூர்க்கா விசில் அடிச்சுட்டுப் போவாரே, அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். பத்தரைக்கு அடுத்த குரல் வரும் வரை எழுந்திருக்கவே இல்லை. அல்சாஸின் துர்க்ஹைமிலும் கோடையில் பத்து மணிக்குக் காவலர் விளக்கோடு பாடிக்கொண்டு வருவார், அதுவும் அழகுதான், ஆனால் அவர் பின்னால் நாமும் நடக்க வேண்டும். இங்கே பெஞ்சில் உட்கார்ந்தே கேட்கலாம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

டிங்கல்ஸ்பூலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அது அமைதியான ஊர், போரில் சேதமில்லாமல் தப்பியது, வண்ண வண்ண முகப்புகள், நல்ல பிளம் கேக். வெள்ளி இரவு அங்கே தூங்கி, சனி காலை அதன் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டில், பால், ரொட்டி எல்லாவற்றையும் முடித்தோம். துணி துவைப்பதும் அங்கேயே.

ரோட்டன்பூர்குக்கு மாலை ஐந்துக்கு மேல் போங்கள். பகலில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், ஐந்து மணிக்குப் பேருந்துகள் கிளம்பிய பிறகு அதே தெருவில் செருப்புச் சத்தம் எதிரொலிக்கும். 1945 மார்ச் 31-இல் விழுந்த குண்டில் ஊரில் ஏறத்தாழ 40 சதவீதம் அழிந்தது, பிறகு மதிலை மீட்டருக்கு இவ்வளவு என்று உலகெங்குமிருந்து நன்கொடை வாங்கிக் கட்டினார்கள், கொடுத்தவர் பெயர்கள் மதிலின் கல்லில் இருக்கின்றன, ஜப்பானியப் பெயர்கள் ஏராளம். மதில் மேல் ஏறும் படி செங்குத்து, அம்மா ஏறவில்லை. அங்கே ஸ்னோபால் என்று எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்கும் பண்டத்தை வாங்கிக் கொடுத்தேன், உடைத்து வாயில் போட்டுவிட்டு, "சர்க்கரை தூவின மைதா துக்கடாடா இது, உருட்டி வச்சிருக்கான்" என்றாள். ஒன்று வாங்கினால் ஐந்து பேருக்குப் போதும்.

ரோட்டன்பூர்கிலிருந்து திங்கள் காலை நேரே ஃபிராங்க்ஃபர்ட் போவதும் ஒரு வழிதான், 180 கி.மீ., பலர் அப்படிச் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். ஞாயிறு காலை கிளம்பி டாவ்பர் ஆற்றை ஒட்டியே இறங்கினோம், இருபது கி.மீ.யில் கிரேக்லிங்கன். ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தேவாலயம், உள்ளே டில்மன் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி 1505-க்கும் 1510-க்கும் இடையில் லிண்டன் மரத்தில் செதுக்கிய மரியாள் பீடம். வண்ணம் பூசாத மரம். அப்பா நாற்பது வருடம் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர், இரண்டு கோயில் தேர் வேலையில் இருந்திருக்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு சீடரின் கையைக் காட்டி, "இந்த நரம்பைப் பாரு. உளி ஒரு தடவைதான் போயிருக்கு, திரும்பித் தொடலை. நாம இலுப்பையில இப்படி எடுக்க முடியாது, நார் விட்டுடும். இது வெண்ணெய் மாதிரி மரம்" என்றார். பதினெட்டு நாளில் அவர் தானாக இவ்வளவு பேசியது அங்கேதான். இது எந்தப் பட்டியலிலும் நான் எழுதி வைத்ததில்லை, வழியில் இருந்தது, நேரமும் இருந்தது. அல்சாஸ் வழியில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைத்திருக்காது.

கடைசி இரவு மைன் ஆற்றங்கரையில், மில்டன்பெர்க் பக்கம் ஒரு கேம்பிங். இதற்கு மட்டும் கூடுதல் காசு கொடுத்தாலும் பரவாயில்லை, கழிப்பறையும் குளியலறையும் உள்ள இடமாகவே பாருங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கே கேசட்டைக் காலி செய்து இரண்டு தடவை அலசி, மூடி வைத்துவிட்டு, இனி யாரும் வண்டிக் கழிப்பறையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டோம். கழிவுநீரையும் அப்போதே திறந்துவிட்டோம். மீதமிருந்த அரிசியில் அம்மா புளிசாதம் கலந்து வைத்தாள், காலையில் அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. அங்கிருந்து ஒப்படைக்கும் இடம் 75 கி.மீ., திங்கள் காலை நெரிசலை நினைத்து ஆறரைக்குக் கிளம்பி, வழியில் டீசல் போட்டு, ஒன்பது மணிக்கு முன்னாலேயே வாசலில் நின்றோம். முன்பணம் முழுதாக வந்தது.

நீங்கள் மேற்கிலிருந்து, அதாவது பாரிஸ், லக்ஸம்பர்க் பக்கமிருந்து திரும்புகிறீர்கள் என்றால் நான் சொன்ன கணக்கு அப்படியே மாறும், அப்போது ட்ரியர் வழியாக மோசலில் இறங்கி மூன்று இரவு நகராமல் இருங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அல்சாஸுக்கு மூன்று நாளாவது தனியாக வேண்டும், அதைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். தெற்கிலிருந்து நான்கு இரவோடு, பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு நோர்ட்லிங்கன் முதல் மில்டன்பெர்க் வரையான இந்த வழிதான். கிரேக்லிங்கன் இருபது கி.மீ.தான், அதனால் ஞாயிறு காலை ரோட்டன்பூர்கிலிருந்து அவசரமில்லாமல் காபி குடித்துவிட்டே கிளம்பலாம்.